நீலம் நிற்கும் நேரம்

பத்தேகாலுக்கு முதல் சொட்டு விழுந்தது. கோகிலவாணி கடிகாரத்தைப் பார்த்தாள், சொட்டைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிடும், அது சுத்தமாக இருந்தால் இன்றைக்கே பாப்பாவைத் தூக்கி உன் நெஞ்சில் போட்டுவிடுகிறேன் என்று டாக்டரம்மா காலையில் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெற்றுப் பன்னிரண்டு நாளாகியும் பெற்ற பிள்ளையை இன்னும் தூக்கவில்லை என்று சொன்னால் எவளாவது நம்புவாளா, இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் கையை விட்டு உள்ளங்காலைத் தொட்டதோடு சரி, அந்தக் காலும் இவள் கட்டைவிரல் நீளம்தான், பதினோரு வாரம் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்ட அவசரக்காரி, அப்படி என்னதான் தலைபோகிற வேலையோ. இன்றைக்குக் காலை எடை ஆயிரத்து முப்பது கிராம், நேற்று ஆயிரத்துப் பத்து, ஒரே நாளில் இருபது கிராம், நாலு ஸ்பூன் சர்க்கரை, நாலு ஸ்பூன் சர்க்கரை கூடியிருக்கிறாள் என் தங்கம். முன்னால் பொத்தான் வைத்த நைட்டியை விடிகிறபோதே மாட்டியாகிவிட்டது. துண்டைச் சுருட்டி நெஞ்சில் சாய்த்து, தலைக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை என்று ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது, அதை நூர்ஜகான் சிஸ்டர் பார்த்துவிட்டுத் துண்டு தூங்கிருச்சாம்மா என்று கேலி செய்ததும் ஆகிவிட்டது. தாமோதரன் கீழே லேப் கவுண்டர் முன்னால் எட்டரைக்கே போய் நின்றுகொண்டான். பதினொரு மணிக்குத்தான் தருவார்கள் என்றால் கேட்கிற ஆளா அவன், மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன், எரிந்துபோன மோட்டார் முன்னால் ஒரு நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்காருவான், மனுஷர் காத்திருக்கிற இடத்தில் மட்டும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. பால் எடுக்கிற அறையில் அவளைத் தவிர யாருமில்லை. நாலு நாற்காலி, நாலு பம்பு, சுவரில் கை கழுவும் படம் ஆறு. பம்பு உர்ரென்று இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. ஐந்து மில்லி.

ஐந்து மில்லி என்று கண்ணே அளந்துவிடுகிறது, அதற்குக் கோடு பார்க்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாகப் பால் குளிரூட்டும் நிலையத்தின் லேபில் ஊரார் மாட்டுப் பாலை அளந்த கண். கொழுப்பு எத்தனை, தண்ணீர் கலந்திருக்கிறதா, கேனைக் கழுவினார்களா இல்லையா, எல்லாம் பார்ப்பாள், கேனைக் கழுவாதவனை வாயாலேயே கழுவி அனுப்புவாள். அங்கே அவளுக்குப் பிடித்த சோதனை நீலச் சோதனைதான். சோதனைக் குழாயில் பத்து மில்லி பால், அதில் ஒரு மில்லி நீலச் சாயம், முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியது. பாலில் கிருமி கூட்டமாக இருந்தால் நீலத்தைத் தின்றுவிட்டுப் பால் பழையபடி வெள்ளையாகிவிடும், அரை மணியில் வெளுத்தால் மட்டமான பால், ஐந்து மணி நேரம் நீலம் நின்றால் அது பால். நீலம் எத்தனை மணி நேரம் நிக்குது கோகிலா என்று மேனேஜர் வந்து வந்து கேட்பார், நிக்குதுங் சார், நிக்குதுங் சார் என்று இவள் சொல்லுவாள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக உட்கார்ந்து காத்திருக்கிற வேலை உலகத்தில் வேறு யாருக்காவது உண்டா. இப்போது பார்த்தால் உண்டு, டாக்டரம்மாவுக்கு உண்டு. மூன்று நாளைக்கு முன்னால் பாப்பாவின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தபோது அந்தம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், "இங்க பாரும்மா, இந்த ரத்தத்த ஒரு பாட்டில்ல விட்டு சூட்டுல வெச்சுருவோம். உள்ள கிருமி இருந்துச்சுன்னா பாட்டில்ல இருக்கறதத் தின்னுட்டு அது பாட்டுக்கு வளரும். இல்லைன்னா ஒண்ணும் வளராது. மூணு நாள் பாக்கலாம், அதுவரைக்கும் மருந்து போகட்டும்." எத்தனை டிகிரிங் டாக்டர் என்று இவள் கேட்டாள். அந்தம்மா ஆச்சரியப்பட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, முப்பத்தஞ்சு, முப்பத்தேழு என்றாள். அதைக் கேட்டதும் இவளுக்கு ஒரு பெரிய தைரியம் வந்தது. முப்பத்தேழு தெரிந்த ஊர்தானே, ஒன்பது வருஷம் குடியிருந்த ஊர். எட்டு மில்லி.

ஆனால் நீலம் என்று நினைத்த உடனே அந்த நினைப்பு வந்து நின்றுவிடுகிறது, வராதே என்றால் நிற்குமா. ஒன்பதாம் நாள் காலை. பெட்டிக்குள் பாப்பா அசையாமல் கிடந்தாள், வயிறு கொஞ்சம் உப்பினாற்போல இருந்தது, இவள் குனிந்து பார்த்தபோது அந்த உதடு, வெள்ளரி விதை அளவு உதடு, நீலமாக இருந்தது. மெஷின் கூவியது. சிஸ்டர் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள், மூச்சு விடு சாமி, மூச்சு விடு சாமி, பாப்பா என்னவோ நினைத்துக்கொண்டவள் போல ஒரு மூச்சை இழுத்தாள், சிவந்தாள். அரை நிமிஷம் இருக்குமா, இருக்காது. அந்த அரை நிமிஷமும் நீலம் நின்றது. நீலம் நின்றால் நல்லது, நீலம் நின்றால் நல்லது என்று ஒன்பது வருஷமாகப் பழகிய கண்ணுக்கு அது என்ன என்று பிடிபடவே கொஞ்ச நேரமானது, பிடிபட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிருமி போயிருக்கலாம் என்றார்கள். எப்படிப் போயிருக்கும், எந்த வழியாகப் போயிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. எந்த வழி என்று அவளுக்குத் தெரியும். வலது கை ஆள்காட்டி விரல். எட்டாம் நாள் சாயங்காலம், போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அவள் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள், ஆறு படத்திலும் இருக்கிறபடி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள், பெட்டிப் பக்கம் போகிறபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பேசவில்லை, ஒரே ஒரு விரலால் தள்ளி நிறுத்தினாள். அப்புறம் சுவரோரம் மாட்டியிருக்கிற கிருமிநாசினிப் புட்டியை, அதிலும் நீலத் திரவம்தான், அதை அமுக்கிக் கையில் தேய்த்தாளா, தேய்க்கவில்லையா. தேய்த்திருப்பாள். பழக்கதோஷத்தில் கை தானாகப் போயிருக்கும். போயிருந்தால் உள்ளங்கை ஜில்லென்று இருந்திருக்குமே, ஜில்லென்று இருந்ததாக ஞாபகம் இல்லையே, பாப்பாவின் உள்ளங்கால் வெதுவெதுவென்று இருந்தது மட்டும்தானே ஞாபகம். மூன்று நாளாக இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்புகிறாள், சுவர், புட்டி, விரல், உள்ளங்கால், சுவர், புட்டி. ஊரார் கேனையெல்லாம் மோந்து பார்த்து விரட்டினவள், தன் ஒரு விரலைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. போன் பண்ணினது தாமோதரன், சாப்ட்டியா என்று கேட்பதற்கு. அவனிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் ஆயுசுக்கும் அவளைச் சாப்ட்டியா என்று கேட்கமாட்டான். பாட்டிலில் ஏதாவது வளர்ந்திருந்தால் அது அவள் விரல் போட்ட விதை. வளரவில்லை என்றால், வளரவே இல்லை என்றால். பன்னிரண்டு மில்லி.

"கோகிலவாணியம்மா, எத்தன வந்துச்சு?" என்று நூர்ஜகான் சிஸ்டர் கதவைத் திறந்தாள். பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்காததால் மணிக்கட்டுப் பட்டையில் பேபி ஆஃப் கோகிலவாணி என்று எழுதியிருக்கிறது, அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவது, அதனால் வார்டில் பாப்பாவே கோகிலவாணி ஆகிவிட்டாள், இவள் தன் பேருக்கே அம்மா ஆகிவிட்டாள். "பதினாலுங் சிஸ்டர், இன்னொரு பக்கம் இருக்குதுங். அவ எப்படிங் இருக்கறா?" "ஜம்முனு இருக்கறா. டியூபப் புடிச்சு இழுக்கறா, அடம். உன்னையாட்டமேதான்." அடம் என்றதும் கோகிலவாணிக்குச் சிரிப்பு அடக்கமுடியாமல் பொங்கியது, மூன்று நாளைக்கு முன்னால் மூச்சு விட மறந்தவள் இன்றைக்கு அடம் பிடிக்கிறாளாம், இதைவிட நல்ல சேதி எந்த ரிப்போர்ட்டில் வரப்போகிறது. "சிஸ்டர், ரிப்போர்ட் வந்ததும் உடனே குடுத்துருவீங்களா, இல்ல மத்தியானம் ஆகுமுங்களா?" "அட, நீ கப்பக் கவுத்தறாம உக்காரு மொதல்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நல்ல மனுஷி. முதல் நாள், வயிற்றைக் கிழித்த வலி இன்னும் ஆறாமல் கிடந்தபோது, ஒரு மில்லி சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கே வந்தவள் இவள்தான். சீம்பால் வேணும்மா, ஒரு சொட்டு வந்தாலும் பரவாயில்ல, நான் உறிஞ்சிக்கறேன் என்றாள். சீம்பாலா, கொழந்த குடிக்காதுங்களே சிஸ்டர், வாயில குழாய் போட்டிருக்குதுங்களே. "குடிக்கறதுக்கில்ல கண்ணு. ரெண்டு கன்னத்துக்குள்ளயும் சொட்டு சொட்டாத் தடவறதுக்கு. மாசமா இருந்தப்போ பொறந்தவூட்டுல உனக்குக் கட்டுச்சோறு போட்டாங்களா?" இல்லீங், வர்ற ஞாயித்துக்கெழம வெச்சிருந்துச்சுங், ஒம்போது வகச் சோறு சொல்லி, ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லி, அதுக்குள்ள. "பாரு, உன்ற புள்ளையும் அதேதான். கடைசி மூணு மாசத்துலதான் அம்மா உடம்புல இருந்து நோயெதிர்ப்புச் சத்தெல்லாம் ரத்தத்து வழியாப் புள்ளைக்கு மூட்ட கட்டிப் போகும். இவ அந்தக் கட்டுச்சோறு வாங்காமயே பஸ் ஏறிட்டா. சீம்பால்ல அது இருக்குது. பஸ்ஸு பொறத்தாண்ட ஓடிப்போயி ஜன்னல்ல குடுக்கற பொட்டலமாட்ட." கோகிலவாணி அந்த வலியிலும் எழுந்து உட்கார்ந்தாள். கால் மணி நேரம் பிழிந்ததில் சிரிஞ்சின் மூக்கில் ஒரு மஞ்சள் சொட்டு ஏறியது, எண்ணெய் மாதிரி, தேன் மாதிரி, பாயிண்ட் ஒன் மில்லி. அந்த மஞ்சளைப் பார்த்த உடனேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, லேபில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள், பார்த்து எத்தனை முறை கொட்டியிருக்கிறாள்.

கன்று போட்டு நாலைந்து நாளைக்குச் சீம்பாலைக் கேனில் கலக்கக்கூடாது, கலந்தால் காய்ச்சும்போது மொத்தப் பாலும் திரிந்துவிடும். கலந்தவர்களை அவள் ஒரு கரண்டிப் பாலைச் சூடு காட்டியே பிடித்துவிடுவாள், கட்டி தட்டிய கரண்டியை முகத்துக்கு நேராக நீட்டிக் கன்னுக்குட்டிக்குக் குடுங்க, இங்க ஏன் கொண்டாறீங்க என்பாள். பால் ஊற்ற வந்த தங்காயியக்காவிடமும் அப்படித்தான் நீட்டினாள். அந்தக்கா கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கோபமில்லை, ஒன்றுமில்லை. "நாளாகறதுக்குள்ள பொறந்த கன்னு செத்துப்போச்சு கண்ணு. கொறக் கன்னு. மடி நெம்பி வலில மாடு கத்துது, கறந்தேன். யாருக்குக் குடுக்கறது சொல்லு." கோகிலவாணி என்ன செய்தாள், நிராகரிக்கப்பட்டது என்று சீட்டில் எழுதினாள், சாக்கடையில் கொட்டிவிட்டுக் கேனைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னாள், அடுத்த கேன் என்றாள். கொறக் கன்னு. அன்றைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை, இன்றைக்குப் பம்பின் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கொறக் கன்னு கொறக் கன்னு என்கிறது. போதும், நிறுத்து. என் கன்றுக்குச் சீம்பால் போனது. நாலு நாளும் போனது, மூன்று மணிக்கொரு தடவை, வலது கன்னத்துக்குப் பாயிண்ட் ஒன், இடது கன்னத்துக்குப் பாயிண்ட் ஒன், துளி சிந்தவிடாமல் போனது, சிஸ்டர் தடவும்போது பாப்பா நாக்கைச் சப்புக்கொட்டியதை இவள் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஒரு சொட்டுக்குள் அத்தனை காவல்காரர்களாம், டாக்டரம்மா சொன்னாள். பார்க்கலாம், எட்டாம் நாள் விரல் பெரிதா, நாலு நாள் சீம்பால் பெரிதா. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தங்காயியக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும், போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, போக வேண்டும். முப்பத்தொரு மில்லி, இரண்டு பக்கமும் முடிந்தது, மூடி போட்டுப் பேரும் நேரமும் எழுதினாள், பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தொன்று. இந்தக் கடிகாரத்துக்குக் கொஞ்சம்கூட மனசாட்சி இல்லை. பத்து ஐம்பத்தொன்றேதான்.

பதினொன்றே காலுக்குத் தாமோதரனின் செருப்புச் சத்தம் கேட்டது, எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவன் ஒவ்வொரு படியாக வருகிறான், அதைக் கேட்டபோதே இவள் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தால் வராண்டாவில் நிற்கிறான், கண் சிவந்திருக்கிறது, ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறான். "ஏனுங், வந்துருச்சுங்களா?" "வந்துருச்சு அம்மணி. நீ உக்காரு." "உக்கார மாட்டனுங், சொல்லுங்." "மூணு தடவ படிச்சுப் பாத்துட்டேன். எனக்கு இங்கிலீசு அரகொறதான், ஆனா இது வெளங்காமப் போற இங்கிலீசு இல்ல. மேல பேபி ஆஃப் கோகிலவாணின்னு போட்டிருக்குது. கீழ..." அவன் பிரித்தான், மோட்டாருக்குள் விட்ட கை மாதிரி நிதானமாகப் பிரித்தான், விரலை வைத்துக்கொண்டு படித்தான். "நோ குரோத். ஆஃப்டர் செவன்டி டூ அவர்ஸ். ஆஃப் இன்குபேஷன்." அப்புறம் அவளைப் பார்க்காமல் சொன்னான், "எழுவத்தி ரெண்டு மணி நேரம் அந்தப் பொட்டிக்குள்ள வெச்சும் வளர்ச்சியே இல்லைன்னு எழுதிட்டாங்க." அவளுக்குள்ளே எல்லாம் நின்றது. வளர்ச்சி இல்லை. வளர்ச்சி இல்லையா, நாலு ஸ்பூன் சர்க்கரை எங்கே போனது, காலையில் தராசில் இவள்தானே பார்த்தாள், ஆயிரத்து முப்பது, தராசு பொய் சொல்லுமா, இல்லை அந்த இருபது கிராம் சதை இல்லையா, வெறும் தண்ணீர் வீக்கமா, அப்படியும் ஆகும் என்று யாரோ சொன்னார்களே, விரல், எல்லாம் அந்த விரல், கொறக் கன்னு, வளர்ச்சி இல்லை. வளரவில்லை. ஒன்றும் வளரவில்லை. இல்லைன்னா ஒண்ணும் வளராது. யார் சொன்னார்கள் இதை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு யார் சொன்னார்கள். பாட்டில்ல விட்டு சூட்டுல வெச்சுருவோம்மா. முப்பத்தேழு. தொட்டிக்குள் குழாய், எழுபத்திரண்டு மணி நேரம், நீலம் நிக்குதா கோகிலா, நிக்குதுங் சார்.

"நிக்குதுங்!" என்று கத்தினாள். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த வார்டு ஆயா திரும்பிப் பார்த்தாள். "வளரலீங், ஒண்ணுமே வளரலீங்! அது பாப்பா இல்லீங், பாட்டிலுங்!" தாமோதரன் அவள் தோளைப் பிடித்தான், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டான், அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "அம்மணி, சித்தெ உக்காரு, நாஞ் சொல்றதக் கேளு." "நீங்க கேளுங். ரத்தத்தப் பாட்டில்ல விட்டு சூட்டுப் பொட்டில வெச்சாங்களே, அதுக்கும் இன்குபேஷன்தானுங் பேரு. மூணு நாள் வெச்சும் கிருமி ஒண்ணுகூட முளைக்கலீங். வளர்ச்சி இல்லைன்னா நல்லதுங்!" "வளர்ச்சி இல்லைன்னா நல்லதா?" "நல்லதுங்!" "அது எப்படி, பொட்டிக்கும் பொட்டிக்கும் ஒரே பேரா வெப்பாங்க?" என்று அவனுக்கு அந்த நேரத்தில் கோபம் வேறு வந்தது. அதற்குள் சத்தம் கேட்டு வந்த நூர்ஜகான் சிஸ்டர் ரிப்போர்ட்டை வாங்கி ஒரு கண் பார்த்துவிட்டுச் சிரித்தாள், "கிளீன்" என்றாள், ஒரே ஒரு சொல், அதைக் கேட்டதும் தாமோதரன் வராண்டாச் சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கிக் கீழே உட்கார்ந்தான். "அப்ப நான் மாடிப்படில பத்து நிமிசம் உக்காந்து அழுதது?" "பாப்பா பெருசானதும் அத நானே சொல்லிக் குடுக்கறனுங்." அவன் அழுதுகொண்டே சிரித்தான், அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வாழ்நாளில் பட்டதில்லை. நைட்டிப் பையிலிருந்து போனை உருவி அவன் மடியில் போட்டாள். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்." "எதுக்கு?" "அப்புறமேட்டுச் சொல்றனுங். நானே சொல்லோணும்." சொல்லத்தான் வேண்டும். விரல் இந்தத் தடவை தப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான், அதனால் அது நல்ல விரல் என்று ஆகிவிடாது. ஆறு படத்தையும் வரிசையாகப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள், நீலப் புட்டியை அமுக்கி உள்ளங்கை ஜில்லிடுகிற வரைக்கும் நின்றாள். ஜில்லிட்டது. ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

சாய்வு நாற்காலியில் அவளை உட்காரவைத்துப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து, மூக்குக் குழாய், வாய்க் குழாய், காலில் சிவப்பாக எரிகிற வயர், ஒரு கல்யாண வீட்டு சீரியல் லைட்டையே அவிழ்த்துக்கொண்டு வருவது போல ஒவ்வொன்றாக ஒதுக்கி, சிஸ்டர் பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள், தவளைக்குஞ்சு மாதிரி கால் மடங்கியிருந்தது, "பயப்படாத, புடி" என்று நெஞ்சில் வைத்தாள். கனமே இல்லை. கனமே இல்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் சூடு வந்தது, சின்ன வயிறு முழுக்க அவள் தோலில் ஒட்டிக்கொண்டு சூடு. தலைக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை, துண்டிடம் கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துவிட்டது, கை தானாகப் போய் அணைத்துக்கொண்டது. மூச்சு, இன்னொரு மூச்சு. குனிந்து உதட்டைப் பார்த்தாள், ரோஜா நிறம், நீலம் எங்கேயும் இல்லை, மெஷின் திரையில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. பாப்பா ஒரு தடவை தலையை அசைத்து, தேடினாளா, முகர்ந்தாளா, கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், பம்பு இல்லை, பிழியவில்லை, இரண்டு பக்கமும் பால் தானாகச் சுரந்து வழிந்தது, நைட்டி நனைந்தது, பாப்பாவின் முழங்கை நனைந்தது. "ஐயோ, பால் வீணாப் போகுது பாரு, இரு, கப்பு எடுத்தாறேன்" என்று சிஸ்டர் திரும்பினாள். "வேண்டாங் சிஸ்டர்," என்றாள் கோகிலவாணி, "போகட்டும் உடுங்." பால் சூடாக வயிற்றில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை மில்லி என்று அவள் பார்க்கவில்லை.